மூன்று பந்து, இரண்டு கால்

ஓடிக்கொண்டே மூன்று பந்துகளை மாறி மாறி வீசிப் பிடித்தால் (ஜக்ளிங்) வேகம் எவ்வளவு குறையும், மேலே போன பந்து பின்னால் விழுந்துவிடாதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இரண்டாவது கேள்வி சுலபம். கையில் இருக்கும்போதே ஓடுபவரின் வேகம் பந்துக்கும் வந்துவிடுகிறது. எதிர்காற்று மட்டும் கொஞ்சம் இழுக்கும். 7 செ.மீ. குறுக்களவும் 130 கிராம் எடையும் உள்ள பந்து, மாரத்தான் வேகத்தில் வீச்சுக்கு இரண்டு மூன்று செ.மீ. பின்தங்கும். சற்று முன்னால் தள்ளி வீசினால் சரி.

எனக்குப் பிடித்தது இதிலுள்ள தாளம். நெடுந்தூரம் ஓடுபவர் விநாடிக்குச் சுமார் 3 முறை காலூன்றுகிறார். ஒவ்வொரு காலூன்றலுக்கும் ஒரு வீச்சு, இடக்கை வலக்கை மாறி மாறி. மூன்று பந்து இருப்பதால், வீசிய பந்தின் முறை மறுபடி வர 3 வீச்சுகள், அதாவது சரியாக 1 விநாடி. அதில் 0.4 விநாடி கையில் இருந்தால் மிச்சம் 0.6 விநாடி காற்றில். பள்ளிக்கூடச் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: பந்து சுமார் 44 செ.மீ. உயரும். மடக்கிய கையிலிருந்து கிளம்பி முகத்துக்கு நேரே வந்து இறங்கும். நின்றபடி ஜக்ளிங் செய்கிறவர்கள் சாவகாசமாக வீசும் உயரமும் ஏறத்தாழ இதுதான்! காலின் தாளமும் கையின் தாளமும் தானாகவே பொருந்திப்போகின்றன. (தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கிளாட் ஷானன் ஜக்ளிங்குக்கும் ஒரு தேற்றம் எழுதியிருக்கிறார். மேலே உள்ள கணக்கு அதற்குள் அடக்கம்.)

அப்புறம், கைவீச்சு. ஓடும்போது காலுக்கு எதிராகக் கை ஆடுவது உடம்பு முறுக்கிக்கொள்ளாமல் காக்கிறது. அரெலானோ, கிராம் என்ற இருவர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடினால் ஆற்றல் செலவு 3 சதவீதமும், தலைமேல் வைத்தால் 13 சதவீதமும் கூடியது. இந்த மாதிரி ஆய்வுக்கெல்லாமா பணம் ஒதுக்குவது என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பார்க்கின்சன் நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்றே கைவீச்சு குறைவதுதான். நல்ல கை ஏன் ஆடுகிறது என்று தெரியாமல் அதை எப்படிப் புரிந்துகொள்வது? ஜக்ளிங்கில் கை சும்மா இருப்பதில்லை, காலோடு சேர்ந்து மாறி மாறித்தான் இயங்குகிறது. அதனால் நிதான ஓட்டத்தில் இழப்பு சொற்பமாகவே இருக்கும் என்பது என் கணிப்பு. கனடாவின் மைக்கேல் கப்ரால் 2007இல் மூன்று பந்துகளோடு முழு மாரத்தானை 2 மணி 50 நிமிடம் 12 விநாடியில் முடித்தார்.

குறுந்தூர ஓட்டத்தில் கதை வேறு. விநாடிக்கு நாலரை முறை காலூன்றினால் பந்துக்குக் காற்றில் கிடைப்பது 0.4 விநாடி, 20 செ.மீ. உயரம்; எதிர்காற்றும் அதை 7 செ.மீ. பின்தள்ளும். தோளிலிருந்து கையைப் பலமாக வீசி உந்தவும் வழியில்லை. ஓவன் மோர்ஸ் 1989இல் மூன்று பந்துகளோடு 100 மீட்டரை 11.68 விநாடியில் ஓடினார். அதற்கு முந்தைய ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் கார்ல் லூயிஸ் வெறுங்கையோடு எடுத்துக்கொண்டது 9.92.

இதெல்லாம் பந்து கீழே விழாத வரைதான். விழுந்தால் அதை எடுத்துக்கொண்டு, விழுந்த இடத்துக்கே திரும்பி, அங்கிருந்து தொடர வேண்டும் என்பது போட்டி விதி.