பூங்காவைத் தெருவைவிடத் தாழ்வாக அமையுங்கள்

நம் ஊர்ப் பூங்காக்கள் பெரும்பாலும் தெருவைவிட மேடாக இருக்கின்றன. முதலில் கைப்பிடிச் சுவர், அப்புறம் லோடு லோடாகச் செம்மண், அதன்மேல் புல்தரை, நடக்க பேவர் பிளாக். மழை பெய்தால் அங்கே விழுந்த தண்ணீரும் தெருவுக்கே வந்து நிற்கிறது. பூங்கா வடிவமைப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு ஒவ்வொரு ஐப்பசியிலும் இதைப் பார்க்க மனசு பொறுப்பதில்லை.

மழைத்தோட்டம் இதற்கு நேர்மாறானது. 1990-களில் அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில் குடியிருப்பு மனைகளுக்காகப் பரவலான முறை. தெருமட்டத்துக்கு அரையடி, முக்காலடி கீழே ஒரு பள்ளம். அதில் மணல் தூக்கலாகக் கலந்த மண், செடிகள். தெருவோரக் கல்லில் இடைவெளி விட்டால் ரோட்டுத் தண்ணீர் தானாக உள்ளே வரும். 1000 சதுர மீட்டர் ரோட்டில் 5 செ.மீ. மழை பெய்தால் 50,000 லிட்டர், அதாவது நாலு டேங்கர் லாரித் தண்ணீர். அதில் ஒரு பகுதியாவது மண்ணுக்குள் இறங்கட்டுமே. மிஞ்சுவது வடிகாலுக்குப் போக, வழிந்தோடும் வாய் கட்டாயம் வேண்டும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் கொட்டிய 49 செ.மீ. மாதிரியான மழையை எந்தத் தோட்டமும் தாங்காது.

குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் முதல் கேள்வியே "கொசு வராதா?" என்பதுதான். நியாயமான கேள்வி. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். தண்ணீர் இரண்டு நாளில் வற்றிவிட்டால் பயமில்லை. அதனால்தான் முதலில் ஓரடிக் குழி வெட்டி, தண்ணீர் ஊற்றிப் பார்க்கச் சொல்கிறேன். பெசன்ட் நகர் மணலில் ஊற்ற ஊற்ற இறங்கும். பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண்ணில் அப்படியே நிற்கும். அங்கே அடியில் ஜல்லியும் துளையிட்ட குழாயும் போட்டாக வேண்டும். இன்னொன்று, ஜேசிபியைக் கரையில் நிறுத்தித்தான் தோண்ட வேண்டும். பள்ளத்துக்குள் இறங்கி ஓடினால் அடிமண் இறுகிப்போய், எந்த மணலைக் கலந்தாலும் தண்ணீர் இறங்காது.

செடிகள் சில நாள் வெள்ளத்தையும் சித்திரை வெயிலையும் தாங்க வேண்டும். வெட்டிவேர், நொச்சி இரண்டும் தாங்கும்.

தண்ணீர் நுழையும் வாயில்தான் பிரச்சினை. ரோட்டு மண்ணும் பிளாஸ்டிக் கவரும் முதலில் அடைப்பது அதைத்தான். வாய் அடைந்தால் தண்ணீர் உள்ளே வராமல் பழையபடி தெருவிலேயே போய்விடும். ஆகவே, டெண்டர் போடும்போதே செப்டம்பரில் தூர்வாரும் வேலையையும், மழைக்காலம் முழுக்க வாயைச் சுத்தம் செய்யும் ஆளுக்கான கூலியையும் சேர்த்து எழுதச் சொல்லிக் கேளுங்கள்.