நெல் குடோனில் நிற்கும் எம்.ஜி.ஏ

திருத்துறைப்பூண்டி பக்கம் என் மாமா வீட்டு நெல் குடோனில் எம்.ஜி.ஏ 1500 என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம். மாமாவின் அப்பா வாங்கிய வண்டி. ஓட்டம் நின்று முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயிண்ட், தோல் இருக்கை, துணி சுற்றிய ஒயர் எல்லாமே கம்பெனியில் இருந்து வந்தபடி இருக்கின்றன. போன ஐப்பசியில் மாமா கேட்டார்: "மாப்ள, மொத்தமா டிங்கரிங் பண்ணி, புது பெயிண்ட் அடிச்சிடலாமா?"

"வேண்டாம் மாமா. மொதல்ல மேல போட்டிருக்கிற தார்ப்பாயை எடுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றேன்.

அந்தத் தார்ப்பாய்தான் வண்டிக்கு முதல் எதிரி. இரும்பு துருப்பிடிக்க மழை அதன் மேல் விழ வேண்டியதே இல்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் போதும், கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று தகட்டின் மேல் படிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவின் காற்று அதற்குக் கீழே இறங்குவதே அபூர்வம். கூடவே வேதாரண்யம் பக்கத்துக் கடல்காற்றில் வரும் உப்பு. ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் சிந்திய கல்லுப்பு தானாகவே கசிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தகட்டில் ஒட்டிய உப்பும் அப்படித்தான் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குடோனின் மண்தரையில் இருந்து எழும் ஆவி தார்ப்பாய்க்குள் சிக்கிக்கொள்கிறது. விடியற்காலையில் தகடு குளிர்ந்ததும் அதன் மேலேயே முத்து முத்தாக வியர்க்கிறது.

இப்படி வியர்த்த ஒரு சொட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை 1920களில் கேம்பிரிட்ஜில் யூலிக் எவான்ஸ் என்ற விஞ்ஞானி காட்டினார். சொட்டின் ஓரத்துக்குக் காற்றில் இருந்து ஆக்சிஜன் எளிதாகக் கிடைக்கும். நடுப்பகுதிக்கு அவ்வளவு கிடைக்காது. ஆக்சிஜன் குறைந்த நடுவில் இரும்பு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகிறது. அந்த எலக்ட்ரான்கள் தகட்டின் வழியே ஓரத்துக்கு ஓடி, அங்கே இருக்கும் ஆக்சிஜனோடு சேர்கின்றன. ஒரு சின்ன பேட்டரியே அங்கு ஓடுகிறது என்று சொல்லலாம். துரு என்னவோ இரண்டுக்கும் இடையில்தான் வளையமாகப் படிகிறது. ஆனால் அரிப்பு விழுவது நடுவில்.

பழைய காரைப் பரிசோதிப்பவருக்கு மிகவும் பயன்படும் விஷயம் இது. காற்றுப் படாத இடத்தில்தான் இரும்பு கரையும். வெளியே தெரியும் மட்கார்டில் மேலாக இருக்கும் துரு பார்க்கத்தான் பயமாக இருக்கும். உண்மையான சேதம் சேறு அடைத்த மடிப்புகளிலும், இரண்டு தகடுகள் ஒட்டும் இடங்களிலும், மூடிய பெட்டிகளுக்கு உள்ளேயும் ஒளிந்திருக்கும். எம்.ஜி.ஏ-வில் இருக்கைக்குப் பின்னால், இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் உட்காரும் தாங்கிகள் அப்படிப்பட்ட இடம். நான் முதலில் டார்ச் அடித்துப் பார்த்தது அங்கேதான். ஆசிட் கசிந்து, எலிகள் கொண்டுவந்த வைக்கோல் அதில் ஊறி, தாங்கியின் ஒரு மூலை ஸ்க்ரூடிரைவர் பட்டதும் அப்பளமாக நொறுங்கியது. ஒரு சாண் தள்ளி, சேஸிஸின் முக்கியச் சட்டத்தை அதே ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டினேன். கணீரென்று சத்தம். அந்தச் சத்தம் கேட்டபிறகுதான் மாமாவிடம், "வண்டி பிழைச்சுக்கும்" என்று சொன்னேன்.

துருவின் நிறமும் பேசும். பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் பொடியாக, தொட்டால் விரலில் ஒட்டுவது இப்போது நடந்துகொண்டிருக்கும் அரிப்பு. அடர்பழுப்பாக, இறுகிப் போயிருப்பது பெரும்பாலும் பழையது. உலர வைத்து எண்ணெய் பூசினால் அப்படியே நின்றுவிடும். இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை நினைத்துப் பாருங்கள். வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல அவற்றை யாரும் தேய்ப்பதில்லை. புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் பச்சைப் படலத்தை மட்டும் அல்ல, அதில் பதிந்திருக்கும் வரலாற்றையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஆனால் குளோரைடு உப்பு ஏறி, வெளிர்பச்சைப் பொடியாக உதிரத் தொடங்கினால் உடனே சிகிச்சை வேண்டும். நிலைத்துவிட்ட படலத்தை விட்டுவை, தின்றுகொண்டிருப்பதை நிறுத்து. கம்பெனி நிலையில் இருக்கும் காருக்கும் நான் இதையேதான் கடைப்பிடிக்கிறேன். மங்கிய பெயிண்டுக்கு மெழுகு போதும்.

அடுத்தது காந்தம். தகட்டில் பட்டி பூசி மறைத்த இடங்களில் காந்தம் ஒட்டாது, அல்லது தளர்வாக ஒட்டும். பெயிண்டில் கீறல் விழாமல் இருக்க வேட்டித் துணியில் சுற்றி நகர்த்த வேண்டும். கூட வந்த டிங்கர் அண்ணன் கதவில் வைத்தார், ஒட்டவில்லை. பானட்டிலும் ஒட்டவில்லை. "கதவு பூரா பட்டிதான் தம்பி" என்றார். அது பட்டி இல்லை. எம்.ஜி.ஏ-வின் கதவு மேல்தகடு, பானட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை நல்ல கதவுகளைச் சுரண்டியிருப்பார்களோ! அலுமினியத்துக்கு வேறு ஆபத்து உண்டு. உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தின் மேல் அது மடிந்து நிற்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால், அலுமினியம் எலக்ட்ரான்களைக் கொடுத்துத் தானே அரித்துப்போகும். அந்த ஓரத்தில் வெள்ளைப் பொடியும் பெயிண்டில் கொப்புளமும் தெரியும். எங்கள் வண்டியில் இடதுபக்கக் கதவின் அடியில் ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது.

அப்புறம் கதவு இடுக்கு. கூரை இல்லாத கார் மூடி கழற்றிய அட்டைப்பெட்டி மாதிரி, எளிதில் முறுக்கிக்கொள்ளும். பாரத்தை எல்லாம் சேஸிஸும், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டியும்தான் தாங்குகின்றன. அந்தப் பெட்டி உள்ளே அரித்துப்போனால் நடுப்பகுதி தொய்யும். கதவின் மேல் இடுக்கு குறுகி, கீழ் இடுக்கு அகலும். அதைச் சரிசெய்யாமல் கதவுக் கீலை மட்டும் திருகி நேராக்குவது நோயை மறைக்கிற வேலை. தரைப்பலகை இந்தக் காரில் பிளைவுட். அது உளுத்திருந்தது. மாற்றுவது எளிது, ஆசாரி ஒரு நாளில் முடித்துவிடுவார்.

இன்ஜினுக்கு வருகிறேன். இங்கேதான் நம் ஊருக்கு ஒரு அதிர்ஷ்டம். எம்.ஜி.ஏ 1955-ல் வந்தபோது அதில் இருந்தது பி.எம்.சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) கம்பெனியின் 1489 சி.சி. பி சீரிஸ் இன்ஜின். நம் அம்பாசடரில் பல வருஷம் ஓடியதும் அதே குடும்பத்து 1489 சி.சி. இன்ஜின்தான். ஸ்போர்ட்ஸ் காருக்கு இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர் வைத்து வேகம் கூட்டியிருந்தார்கள். கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் அம்பாசடர் பிரித்துக் கைதேர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புது இன்ஜினே இல்லை.

தூங்கிய இன்ஜினுக்கு எடுத்ததும் செல்ஃப் போடக்கூடாது. பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவால் ஒட்டியிருந்தால் உடைந்துவிடும். நான்கு பிளக்கையும் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றி ஐந்து நாள் ஊறவிட்டோம். பிறகு நாலாவது கியரில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்லத் தள்ளினோம். மூன்றாவது தள்ளலில் ஃபேன் அசைந்தது.

அடுத்து, சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ். முதல், நான்காவது சிலிண்டர்களில் 130 பி.எஸ்.ஐ, நடுவில் இருக்கும் இரண்டிலும் 95. அந்த இரண்டிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தோம். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவு ஏறியிருக்கும். ஏறவில்லை. வால்வாக இருக்கலாம், ஆனால் அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் ஒரே அளவுக்கு இறங்கினால் நடுவில் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் இடையே கசியாமல் அடைக்கும் தகடு) விட்டுப்போயிருக்கவே வாய்ப்பு அதிகம். ஹெட்டைத் திறந்தபோது இரண்டுக்கும் நடுவே கருப்பாக எரிந்த கோடு தெரிந்தது. இன்ஜினை மொத்தமாகப் பிரிக்காமலேயே கோளாறு பிடிபட்டது. ஹெட் வெளியே வந்ததால் லேத் பட்டறையில் எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட்டு (வால்வு வந்து உட்காரும் வளையம்) போடச் சொன்னேன். அந்தக் காலத்துப் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வு சீட்டுக்கு மெத்தையாக இருந்தது. 2000-க்குப் பிறகு நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் கிடையாது. இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் ஹோஸ்கள் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் ரகத்துக்கு மாறின.

பிரேக்கில் மட்டும் கம்பெனி நிலை என்று பார்க்கவே கூடாது. பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறையும், பெடல் தரைக்குப் போய்விடும். வீல் சிலிண்டர், ஹோஸ், ரப்பர் எல்லாம் புதிது போட்டாயிற்று.

துருப்பிடித்த சின்னச் சாமான்களுக்கு நான் அமிலம் தொடுவதில்லை. பிளாஸ்டிக் வாளியில் சலவை சோடா கரைசல், 12 வோல்ட் பேட்டரி சார்ஜர், அவ்வளவுதான். சாமானை நெகட்டிவ் ஒயரிலும், ஒரு பழைய இரும்புக் கம்பியைப் பாசிட்டிவ் ஒயரிலும் மாட்ட வேண்டும். சாமானுக்குள் எலக்ட்ரான்கள் பாய்வதால் துரு கருப்பாக மாறித் தளர்கிறது, ஹைட்ரஜன் குமிழிகள் அதைத் தள்ளி உதிர்க்கின்றன. நல்ல இரும்பு கரையாது. அமிலத்தில் அதுவும் கரையும். ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் வெளித்திண்ணையில்தான் வைக்க வேண்டும். எவர்சில்வர் கம்பி போட்டால் நச்சுக் குரோமியம் கரையும், அலுமினியச் சாமானைச் சோடாவே தின்றுவிடும், ஸ்பிரிங்குகள் ஹைட்ரஜனால் நொறுங்கும் தன்மை அடையும். இந்த மூன்றும் கூடாது.

பேட்டரி தாங்கியின் ஒரு மூலையை மட்டும் வெட்டி, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். கதவின் விரல் நீளக் கொப்புளத்தைச் சுத்தம் செய்து பிரைமர் பூசியிருக்கிறோம். அந்த இடத்துக்குப் பெயிண்ட் அடிக்க மார்கழியிலேயே மாமா அவசரப்பட்டார். என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயிண்டில் இருக்கும் தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும். காற்றில் ஈரம் இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து, பெயிண்ட் பால் படர்ந்தது போல வெளுத்துவிடும். சம்பா அறுப்பு முடிந்து, மாசி வெயில் ஏறி, முற்றத்தில் நெல் ஒரே நாளில் காயத் தொடங்கும்போது பெயிண்டரைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.