தெருவிளக்கே போதும், டார்ச் வேண்டாம்

இரவில் மரங்களைப் படமெடுக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பையில் முதலில் எடுத்து வைப்பது ஃப்ளாஷ். அடுத்தது பேட்டரியில் எரியும் எல்.இ.டி. பேனல். இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வேன். முழுநிலா உச்சியில் நிற்கும்போதுகூடத் தரைக்கு வருவது 0.3 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம்தான். சாலை விளக்குகளுக்கான இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 1944, மிக முக்கியமான சாலைகளுக்குச் சொல்லும் சராசரி 30 லக்ஸ். அப்படிப்பட்ட சாலையோரத்தில் நிற்கும் மரம் ஏற்கெனவே நூறு நிலாக்களின் கீழ் இருக்கிறது. அதற்கு நூற்றியொன்றாவது நிலாவை நாம் கொண்டுபோக வேண்டியதில்லை.

படத்துக்கு அந்த வெளிச்சம் தாராளம். சிக்கலெல்லாம் அது ஒரே சீராக இல்லாததுதான். விளக்கிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் இலைக்குக் கிடைப்பது, ஒரு மீட்டரில் இருக்கும் இலைக்குக் கிடைப்பதில் 25-ல் ஒரு பங்கு. கேமரா கணக்கில் நாலரை ஸ்டாப்புக்கும் மேல் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது). அதனால்தான் விளக்கை ஒட்டிய கொப்பு வெள்ளையாக வெந்துபோய், மற்ற பாதி மரம் கரியாகிறது. விளக்கு அடிமரத்துக்கோ பருத்த கிளைக்கோ பின்னால் மறையும்வரை நீங்கள் நகருங்கள். ட்ரைபாட், ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100 அல்லது 200, அபர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப் 8, ஷட்டர் சில விநாடிகள், ரா ஃபைல் (கேமரா திருத்தாமல் வைக்கும் மூலக் கோப்பு). வெளிச்ச அளவை மிகப் பிரகாசமான இலைக்கு வையுங்கள்; நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெந்துபோன வெள்ளையை மீட்க முடியாது. சென்னையில் கடற்காற்று அடங்கும்வரை இலைகள் நிற்காது. ஆடினால் ஆடட்டும் என்று பத்து விநாடி வைத்துப் பாருங்கள்: தண்டு கூர்மையாகவும் இலைகள் கலங்கலாகவும் வரும். எனக்கு அது பிடிக்கும். எல்லோருக்கும் பிடிக்க வேண்டுமென்பதில்லை.

நிறம்தான் உண்மையான தலைவலி. பழைய சோடியம் விளக்கின் நிற வெப்பநிலை 2000 கெல்வினை ஒட்டியது (எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்). பெரும்பாலான கேமராக்களில் ஒயிட் பேலன்ஸ், அதாவது விளக்கின் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு, 2500-க்குக் கீழே இறங்காது. இறங்கினாலும் பயன் குறைவு, ஏனென்றால் அந்த ஒளியில் நீலம் மிகச் சொற்பம். நிறங்களைக் காட்டும் திறன் நூற்றுக்கு 25 அளவில்தான் இருக்கிறது. விளக்கு தராத பச்சையை எந்த மென்பொருளும் தோண்டி எடுக்காது. வேப்பிலை கடுகு நிறத்தில் வந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அல்லது கருப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். மாற்றும்போது நீலச் சேனலைத் தொடாதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் இரைச்சல், அதாவது படத்தைக் கெடுக்கும் புள்ளிகள். எல்.இ.டி. தெருக்களில் பச்சை ஓரளவு பச்சையாகவே வரும். ஒரு பக்கம் மிச்சமிருக்கும் சோடியம் விளக்கு, மறுபக்கம் கடை வாசலின் வெள்ளை எல்.இ.டி. என்ற இடத்தில் எதைத் திருத்தினாலும் மற்றது கெடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இனி மரத்தின் பக்கம். தூங்குமூஞ்சி மரம் மாலையானால் சிற்றிலைகளை மடித்துக்கொள்ளும், புளியும் அப்படித்தான். பகலில் அடர்ந்த குடையாக இருந்தது இரவுப் படத்தில் சல்லடையாகி, கிளைகளின் கட்டமைப்பு முழுவதும் தெரியும். தூங்குமூஞ்சியை இரவில் எடுப்பதே அதற்காகத்தான். விளக்குக்கு மிக அருகில் இருக்கும் கொப்பில் மடிப்பு எப்படி இருக்கிறது என்று பெரிதாக்கிப் பாருங்கள், எதிர்ப்பக்கக் கொப்போடு ஒப்பிடுங்கள்.

தெருவிளக்கை ஒட்டிய கிளைகளில் இலைகள் தாமதமாக உதிர்வதை நியூயார்க்கில் மாட்ஸ்கி என்ற தாவரவியலாளர் 1936-லேயே பதிவு செய்தார். பிரிட்டனில் ஒளி மிகுந்த இடங்களில் மரங்கள் ஒரு வாரம்வரை முன்கூட்டியே துளிர்க்கின்றன என்று 2016-ல் ஓர் ஆய்வு வந்தது. இவற்றை அப்படியே நம் தெருவில் ஒட்டவைக்கக் கூடாது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான்; இங்கே இலையுதிர்வில் வறட்சிக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஒரே வாதாமரத்தை, ஒரே இடத்தில் நின்று, அதே லென்ஸில் மாதாமாதம் எடுத்து வைத்தால் அதன் மதிப்பு தனி. அழகான ஒற்றைப் படத்தைவிட இந்த வரிசையைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

விளக்கைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் விழுந்தால் லென்ஸைத் துடைக்காதீர்கள், அவை பூச்சிகள். பறக்கும்போது வெளிச்சத்தின் பக்கம் முதுகைத் திருப்பும் இயல்பு அவற்றுக்கு உண்டு. வானமே வெளிச்சமாக இருந்த காலத்து ஏற்பாடு அது; கம்பத்து விளக்கின் அருகே அதனாலேயே சுற்றிச் சுற்றி மாட்டிக்கொள்கின்றன. இரவில் பூக்கும் மரமல்லிக்கு மகரந்தம் சுமப்பவை அந்துப்பூச்சிகள். நீலம் மிகுந்த வெள்ளை எல்.இ.டி.க்கு அதிகப் பூச்சிகள் வருகின்றன. 3000 கெல்வினும் அதற்குக் கீழும் உள்ள மஞ்சள் சாயல் விளக்கு எவ்வளவோ மேல். கொக்குகள் அடையும் மரத்தில் ஃப்ளாஷ் அடித்தால் கூட்டமே எழும்பிவிடும். இருட்டில் எழுந்த பறவைக்கு எதிரே மின்கம்பி இருக்கிறது.

மழைக்காலத்தில் ட்ரைபாட்டை விளக்குக் கம்பத்திலோ பில்லர் பாக்ஸிலோ (தெருவோர மின்பெட்டி) சாய்க்காதீர்கள். தேங்கிய நீரில் நிற்கவே நிற்காதீர்கள். அலுமினியம், கார்பன் ஃபைபர் இரண்டிலும் மின்சாரம் பாயும்.

பக்கவாட்டு வெளிச்சத்தில் அடிமரத்தைக் கிட்டே போய்ப் பார்த்தால் விளம்பரப் பலகை அடித்த ஆணிகள், தண்டை இறுக்கும் சீரியல் லைட் ஒயர்கள், வேர் வரை பூசிய சிமெண்ட் எல்லாம் நிழலோடு துலக்கமாகத் தெரியும். அதையும் எடுங்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண் ஒரு படத்திலாவது தெரியட்டும். சென்னை மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லும்போது இடத்தை விளக்கும் வேலை மிச்சம். "கிளை விளக்கை மறைக்கிறது" என்று தெருவில் யாராவது வெட்டச் சொன்னால், சாலையின் இரு பக்கமும் நின்று எடுத்த படங்களை இணையுங்கள். பல இடங்களில் விளக்கின் கையைச் சற்று நீட்டினாலோ, இலைக்கூட்டத்துக்குக் கீழே இறக்கினாலோ சாலைக்கு வெளிச்சம் வந்துவிடும். மனுவில் முதல் வரியாக அதையே கேளுங்கள்.