ஆன்கோஃபெர்ட்டிலிட்டி: தமிழில் எப்படிச் சொல்வது?

புற்றுநோய்ச் சிகிச்சை கருவளத்தை அழித்துவிடக்கூடும் என்பதால், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே அதைக் காத்து வைக்க முயலும் மருத்துவத் துறைக்கு ஆன்கோஃபெர்ட்டிலிட்டி என்று பெயர். பழைய அகராதிகளில் இதைத் தேட வேண்டாம், கிடைக்காது. 2006-இல் தெரசா உட்ரஃப் என்ற சினைப்பை (பெண்ணின் முட்டைகள் இருக்கும் உறுப்பு) ஆய்வாளர் உருவாக்கிய சொல் இது. அப்போது அவர் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் இருந்தார்.

சொல் பிறப்பதற்கு முன்பே செய்முறைகள் பிறந்துவிட்டன. உறையவைத்த கருவிலிருந்து முதல் குழந்தை 1984-இல் மெல்போர்னில் பிறந்தது. உறையவைத்த சினைமுட்டையிலிருந்து முதல் பிறப்பு 1986-இல், அடிலெய்டில். ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணிடமிருந்து 1997-இல் எடுத்து உறையவைத்த சினைப்பைத் திசுவை, பெல்ஜியத்தில் ழாக் தொன்னே குழுவினர் பின்னர் அவர் உடலிலேயே திரும்ப வைத்தார்கள். 2004-இல் அவருக்குக் குழந்தை பிறந்தது.

அப்படியானால் புதுச்சொல் எதற்கு? புற்றுநோய் மருத்துவர் உயிரைக் காப்பாற்றுவதில் கவனமாக இருப்பார். கருத்தரிப்பு மருத்துவரிடம் வருபவர்களோ குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள். இருபத்து மூன்று வயதில், திருமணம் பற்றிய யோசனையே இல்லாமல், மார்பகப் புற்றுநோய் என்று கேள்விப்பட்டு உட்கார்ந்திருக்கும் பெண் இந்த இருவரில் யாருடைய கணக்கிலும் சேரமாட்டாள். முதல் கீமோ ஏறிய பிறகு யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். இரண்டு துறைகளின் பெயரையும் ஒட்டி ஒரே சொல்லாக்கியதால், இந்தக் கேள்வியைக் கேட்பது யார் பொறுப்பு என்பதற்கு ஒரு பதில் கிடைத்தது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் அதே 2006-இல், கருவள பாதிப்பு பற்றிச் சிகிச்சைக்கு முன்பே நோயாளியிடம் பேச வேண்டும் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது.

சரி, சொல்லைப் பிரிப்போம். முன்பாதியான 'ஆன்கோ' கிரேக்கத்தின் 'ஆன்கோஸ்' என்பதிலிருந்து வந்தது. திரட்சி, பருமன், சுமை என்றெல்லாம் அதற்குப் பொருள். பண்டைய மருத்துவர் கேலன் உடலில் தோன்றும் வீக்கங்களுக்குப் பொதுவாக இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். பின்பாதியின் மூலம் லத்தீனின் 'ஃபெர்ட்டிலிஸ்', அதாவது நிறைய விளைவது, நிறையத் தாங்குவது. அதற்கு வேர் 'ஃபெர்ரே', சுமத்தல். ஆக முன்பாதியிலும் சுமை இருக்கிறது, பின்பாதியிலும் சுமை இருக்கிறது. உட்ரஃப் இதை நினைத்துத்தான் ஒட்டினார் என்று சொல்ல வரவில்லை. ஆங்கிலத்தில் கிரேக்கத்தையும் லத்தீனையும் ஒட்டிச் சொல் செய்வது அன்றாட வேலை, அவ்வளவுதான்.

தமிழுக்கு வருவோம். புற்று என்பது கரையான் எழுப்பும் மண்மேடு. கட்டுப்பாடில்லாமல் கிளம்பி வளரும் நோய்க்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இந்தப் பாதியில் சிக்கல் இல்லை. சிக்கல் எல்லாம் பின்பாதியில்.

'கருவளம்' நல்ல சொல். வளம் என்பதை மண்ணுக்குச் சொல்லிப் பழகிய காது கருவளத்தையும் உடனே பிடித்துக்கொள்ளும். 'கருவுறுதிறன்' என்பதும் புழக்கத்தில் உண்டு. ஆய்வுக் கட்டுரைக்குப் பொருந்தும், பேச்சில் வாய் இடறும். மருத்துவமனைப் பலகைகளில் அதிகம் காணப்படுவது 'மலட்டுத்தன்மை சிகிச்சை'. இந்த இடத்தில் அதை நான் அறவே தவிர்ப்பேன். மலடி என்பது எப்படிப்பட்ட வசவு என்று தமிழ் படிக்கிற யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அது ஒருபுறம் இருக்கட்டும், பொருளும் தப்பு. புற்றுநோய் வந்த அந்தப் பெண்ணின் கருவளத்தில் இப்போது எந்தக் குறையும் இல்லை. இருக்கிற வளம் போய்விடாமல் காப்பதுதான் வேலை.

'கருப்பாதுகாப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். கேட்பவருக்கு அது வயிற்றிலிருக்கும் கருவைக் காப்பதாகப் படும், அல்லது கருத்தடை என்றுகூடத் தோன்றும். நடுவில் ஒரு 'வளம்' விழுந்துபோனதில் பொருளே மாறிவிடுகிறது.

என் பரிந்துரை இது: செய்கிற வேலைக்குக் 'கருவளக் காப்பு', துறைக்குப் 'புற்றுநோய்க் கருவளவியல்'. இரண்டாவது கொஞ்சம் நீளம்தான். புற்றுக் கருவளவியல் என்று சுருக்கலாம், ஆனால் முதல்முறை கேட்பவர் தடுமாறுவார். நோயாளியிடம் பேசும்போது துறைப்பெயரே வேண்டாம். 'சிகிச்சை தொடங்கும் முன் கருவளக் காப்பு பற்றிப் பேசலாமா?' என்றால் போதும்.

அடுத்து இந்தத் துறைக்குள் புழங்கும் சொற்கள். பாடநூல்களில் அண்டகம், சூலகம் என்பார்கள், மருத்துவமனையில் சினைப்பை. மூன்றும் ஒரே உறுப்பு. கருப்பை வேறு, அது குழந்தை வளரும் இடம். அதைச் சினைப்பையோடு குழப்பிக்கொண்டு 'கர்ப்பப்பையில்தானே முட்டை இருக்கிறது' என்று கேட்பவர்கள் நிறைய.

இதைவிட ஆபத்தானது 'கருமுட்டை'. செய்தித்தாள்களில் விந்து சேராத முட்டைக்கும் இதுதான் பெயர், சில இடங்களில் விந்து சேர்ந்ததற்கும் இதுதான். மற்ற இடங்களில் இந்தக் குழப்பத்தால் பெரிய நட்டமில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது நிலைமை வேறு. விந்து சேராத முட்டை அந்தப் பெண்ணுக்கு மட்டுமே உரியது. விந்து சேர்த்து உறையவைத்தது கரு. அதில் இன்னொருவருக்கும் பங்குண்டு. நாளை அந்த உறவு முறிந்தால் அந்தக் கருவை என்ன செய்வது என்பதற்கு இருவரின் சம்மதமும் தேவைப்படலாம். அதனால் முன்னதைச் 'சினைமுட்டை உறைவு' என்றும் பின்னதைக் 'கரு உறைவு' என்றும் தனித்தனியாக எழுதுவதே நேர்மை. மாடு சினையாக இருக்கிறது என்று சொல்லிப் பழகியதால், பெண்ணுக்குச் 'சினை' என்பது சிலருக்கு உறுத்தலாம். குழப்பத்தைவிட அந்த உறுத்தல் பரவாயில்லை.

ஏன் முன்கூட்டியே என்பதற்கான காரணம் உடலுக்குள் இருக்கிறது. பெண் குழந்தை பிறக்கும்போதே பத்து முதல் இருபது லட்சம் சினைமுட்டைகளோடு பிறக்கிறது. பூப்பெய்தும்போது மூன்று, நான்கு லட்சம்தான் மிஞ்சும். அதற்கு மேல் உற்பத்தி இல்லை, செலவு மட்டும்தான். சைக்ளோபாஸ்ஃபமைடு போன்ற கீமோ மருந்துகள் அந்தக் கையிருப்பில் நேரடியாகக் கை வைக்கின்றன. இடுப்புப் பகுதிக் கதிர்வீச்சு இன்னும் கடுமை: 2 கிரேக்கும் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு) குறைவான அளவே பாதி முட்டைகளை அழித்துவிடும் என்று கணித்திருக்கிறார்கள். வயது கூடக் கூடக் கையிருப்பு குறைவதால், ஒரே மருந்து இருபது வயதில் விட்டுவைப்பதை முப்பத்தெட்டில் விட்டுவைக்காமல் போகலாம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லியாக வேண்டும். சிகிச்சைக்குப் பிறகு மாதவிடாய் திரும்பிவிட்டால் கருவளமும் திரும்பிவிட்டது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மாதவிடாய் வந்துகொண்டிருக்கும்போதே கையிருப்பு வெகுவாகக் குறைந்து, மாதவிடாய் நிற்கும் வயது பல ஆண்டுகள் முன்னால் வந்துவிடலாம். நேர்மாறாக, கீமோ நடக்கும்போது மாதவிடாய் நின்றுவிட்டது என்பதற்காகக் கருத்தடையை விட்டுவிடவும் கூடாது.

சினைமுட்டை உறைவுக்குச் சுமார் பத்து முதல் பதினான்கு நாள் ஹார்மோன் ஊசி போட்டு, முட்டைகளை முதிரவைத்து, ஊசிவழியாக உறிஞ்சி எடுக்கிறார்கள். முன்பு மாதவிடாய் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம். புற்றுநோயாளிக்கு இது மிச்சப்படுத்தித் தரும் வாரங்கள் பெரிய விஷயம். இந்த ஊசிகள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கூட்டும் என்பதால் மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள் அஞ்சுவது நியாயம். அதற்கு லெட்ரோசோல் மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்து ஈஸ்ட்ரோஜனைத் தாழ்த்தி வைக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், லெட்ரோசோலே ஒரு மார்பகப் புற்றுநோய் மருந்து.

உடலிலேயே பெரிய செல் சினைமுட்டைதான். அதனுள் நீர் அதிகம். மெதுவாகக் குளிர்வித்தால் பனிப்படிகம் உருவாகி உள்ளிருந்தே குத்திக் கிழித்துவிடும். படிகமாக நேரமே தராமல் நொடிப்பொழுதில் குளிர்வித்து, கண்ணாடிபோல் இறுகவைக்கும் முறை வந்த பிறகுதான் இது நம்பகமானது. 'கண்ணாடியுறைவு' என்று சொன்னால் பொருளும் நடப்பும் ஒத்துப்போகும். அப்புறம் மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைத்துவிடுகிறார்கள். அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2012-இல்தான் சினைமுட்டை உறைவைச் 'சோதனை முறை' என்ற பட்டியலிலிருந்து எடுத்தது.

பூப்பெய்தாத சிறுமிக்கு ஊசிபோட்டு முட்டை முதிரவைக்க முடியாது. இரண்டு வாரம் காத்திருக்க முடியாதவர்களும் உண்டு. இவர்களுக்குச் 'சினைப்பைத் திசு உறைவு': சிறுதுளை அறுவையில் சினைப்பையின் மேலடுக்கை எடுத்து, பட்டைகளாக நறுக்கி உறையவைத்து, பின்னாளில் திரும்பப் பொருத்துவது. முதிராத முட்டைகள் அந்த மேலடுக்கில்தான் இருக்கின்றன. இதில் ஹார்மோன் சுரப்பும் திரும்புவது கூடுதல் நன்மை. ரத்தப் புற்றுநோயில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும், ஏனென்றால் திசுவோடு நோய்ச் செல்களும் திரும்ப உடலுக்குள் வந்துவிடலாம்.

கதிர்வீச்சு படாத உயரத்துக்குச் சினைப்பையை நகர்த்தித் தைத்து வைக்கும் அறுவையும் உண்டு. 'சினைப்பை மாற்று' என்று இதை எழுதாதீர்கள். சிறுநீரக மாற்று மாதிரி கேட்கும். 'சினைப்பை நகர்த்தல்' போதும். கோசெரெலின் போன்ற ஊசிகளைச் 'சினைப்பையைத் தூங்கவைக்கும் ஊசி' என்று பலர் எளிமையாகச் சொல்கிறார்கள். கீமோவின்போது அதனால் ஓரளவு காப்பு கிடைக்கலாம். ஆனால் உறைவுக்கு அது மாற்று அல்ல என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

'காப்பு' என்ற சொல்லிலும் ஓர் எல்லை உண்டு. உறையவைத்த முட்டைகள் எல்லாமே குழந்தை ஆகிவிடுவதில்லை. எத்தனை முட்டை கிடைத்தது, எந்த வயதில் எடுத்தது என்பதெல்லாம் அதைத் தீர்மானிக்கும். அதனால் 'கருவள உத்தரவாதம்' என்று விளம்பர நடையில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். குழந்தையே வேண்டாம் என்று யோசித்து முடிவெடுக்கும் பெண்ணும், நோய் முற்றியிருப்பதால் ஒருநாளும் தள்ளிப்போட முடியாத பெண்ணும் இருக்கிறார்கள். அவர்களிடமும் கேட்டிருக்க வேண்டும் என்பதே இந்தத் துறையின் நிலைப்பாடு.

துறை சிகிச்சையோடு முடிந்துவிடுவதும் இல்லை. ஹார்மோன் சார்ந்த மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்து முதல் பத்து ஆண்டு ஹார்மோன் தடுப்பு மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும், அந்தக் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. 18 முதல் 30 மாதம் மாத்திரை எடுத்த பிறகு, கருத்தரிப்பதற்காக இரண்டு ஆண்டு வரை அதை நிறுத்தி வைத்த பெண்களைப் பாசிட்டிவ் என்ற பன்னாட்டு ஆய்வு பின்தொடர்ந்தது. குறுகிய காலத்தில் நோய் திரும்பும் ஆபத்து அவர்களுக்குக் கூடவில்லை என்று 2023-இல் முடிவு வந்தது. நீண்டகாலக் கண்காணிப்பு தொடர்கிறது. இந்த நிறுத்தத்துக்குத் தமிழில் 'மருந்து இடைவேளை' என்று எழுதலாம். 'மருந்தை விட்டுவிடுதல்' என்று எழுதக் கூடாது, பிரசவத்துக்குப் பின் மறுபடி தொடங்கியாக வேண்டும்.