ஒரு பிட் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண்

மதுரை சிம்மக்கல்லில் ஒரு பாத்திரக்கடை. ராத்திரி வாசலில் நின்ற பைக்கை யாரோ தள்ளிக்கொண்டு போனது கடைக் கேமராவில் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் அதைப் பென் டிரைவில் ஏற்றிக் காவல் நிலையத்தில் கொடுக்கிறார். ஒன்றரை வருடம் கழித்து விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "அன்றைக்குக் கொடுத்த அதே வீடியோதான் இது என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்கிறார்.

நியாயமான கேள்வி. காகிதத்தில் அழித்து எழுதினால் தடம் தெரியும். வீடியோவில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அங்கேதான் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஓர் அடையாள எண், கைகொடுக்கிறது. அன்று எடுத்ததும் இன்று எடுப்பதும் ஒன்றாக இருந்தால் கோப்பு மாறவில்லை.

எந்தக் கோப்பும் கணினிக்கு 0, 1 வரிசைதான்; ஒவ்வொரு 0 அல்லது 1ம் ஒரு பிட். ஹாஷ் கணக்கிடும் ஷா-256 என்ற முறை அந்த வரிசையை 64 பைட் துண்டுகளாக வெட்டிக்கொள்கிறது. தன்னிடமுள்ள எட்டு எண்களோடு முதல் துண்டைச் சேர்த்து 64 சுற்று கலக்குகிறது. அதில் கிடைக்கும் எட்டு புதிய எண்களோடு அடுத்த துண்டு, அப்புறம் அதற்கடுத்தது. கடைசியில் மிஞ்சும் எட்டு எண்களை வரிசையாக எழுதினால் 64 எழுத்து வரும்; அதுதான் ஹாஷ். ஒரு வரிக் கடிதமோ 4 ஜிபி வீடியோவோ, அதே 64தான். ஒவ்வொரு துண்டின் விளைவும் அடுத்ததற்குள் போவதால், நடுவில் ஒரே ஒரு பிட் மாறினாலும் விடை ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது. ஆனால் வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிப் போகும். பார்க்க அதே காட்சிதான், ஹாஷ் வேறு. கெட்ட எண்ணமே இல்லாமல் நல்ல சாட்சியம் இப்படிச் சந்தேகத்துக்கு ஆளாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டம், மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பது பற்றிய 63ஆம் பிரிவுக்கான சான்றிதழிலேயே ஹாஷ் மதிப்பைக் கேட்கிறது. எம்.டி.5, ஷா-1 ஆகிய பழைய ஹாஷ் முறைகளும் அந்தச் சான்றிதழ்ப் படிவத்தில் உண்டு. ஆனால் முதலாவதில் 2004லும் இரண்டாவதில் 2017லும், ஒரே ஹாஷ் தரும் இரு வேறு கோப்புகளை ஆய்வாளர்கள் உருவாக்கிக் காட்டிவிட்டார்கள். ஷா-256ஐ எழுதுவதே நல்லது.

எழுதுவதையும் கேமராவிலிருந்து எடுத்த கையோடு, தேதி போட்டு, காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதே பென் டிரைவில் மட்டும் வைத்தால், வீடியோவை மாற்றுகிறவர் புது ஹாஷையும் கணக்கிட்டுப் பழையதன் இடத்தில் வைத்துவிடுவார்.