"எனக்கு விளங்கவில்லை" என்று நீதிமன்றத்தில் சொல்லலாம்

இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு தாய், மகனுடைய வழக்குக்காக மூன்று தவணையும் நீதிமன்ற வாசலிலேயே நின்றிருக்கிறார். மூன்றாவது தவணையன்று நல்ல மழை. "உள்ள போனா தொரை ஏசுவாருன்னு சொன்னாங்க மிஸ்" என்றார். தொரை என்று அவர் சொன்னது நீதவானை. அப்படிச் சொன்னவர் வாசலில் நிற்கும் ஓர் ஆள். உள்ளே நடந்ததைச் சொல்ல ஒவ்வொரு தவணைக்கும் காசு வாங்கியிருக்கிறார். அவர் சொன்ன திகதிகளில் ஒன்று பிழை.

நீதிமன்றத்துக்குள் போய் உட்கார யாருடைய அனுமதியும் தேவையில்லை. அரசியலமைப்பின் 106ஆம் உறுப்புரைப்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை. எவரும் வந்து பார்க்கலாம். குடும்ப உறவு, பாலியல் விடயங்கள், தேசிய பாதுகாப்பு, மன்றத்தின் ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக வழக்கோடு நேரடித் தொடர்பில்லாதவர்களை நீதிபதி வெளியே அனுப்பலாம். அந்த அதிகாரம் நீதிபதிக்குரியது, வாசலில் நிற்பவருக்கு அல்ல. போனை அணைத்துவிட்டு, பின் வாங்கில் அமைதியாக உட்காருங்கள். நீதிபதி வரும்போது எழுந்து நில்லுங்கள். அவ்வளவுதான்.

உள்ளே போன பிறகுதான் பெரிய சிக்கல் தொடங்குகிறது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் நீதிமன்ற மொழி சிங்களம். வழக்கேடும் சிங்களத்தில்தான் எழுதப்படும். குற்றப்பத்திரம் வாசிக்கப்படுகிறது, "விளங்குதா?" என்று கேட்கிறார்கள், நம் ஆட்கள் தலையாட்டுகிறார்கள். தோட்டத்தில் பரம்பரையாக மேலிடத்துக்குத் தலையாட்டிப் பழகிய தலை அது. ஆனால் இங்கே அந்தத் தலையாட்டல் வழக்கேட்டில் ஏறிவிடுகிறது. பெயரைக் கேட்கிறார்கள் என்று நினைத்து "ஆமாங்க ஐயா" என்று குற்றத்தை ஒப்புக்கொண்டவரை நான் பார்த்திருக்கிறேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை இதற்காகவே இருக்கிறது. நீதிமன்றத்தில் பயன்படும் மொழி தெரியாத வழக்காளிக்கும் எதிராளிக்கும் மொழிபெயர்ப்பு பெற உரிமை உண்டு. அதை அரசு செய்து தர வேண்டும்; நீங்கள் சதம் கொடுக்கத் தேவையில்லை. மனுவையும் தமிழில் சமர்ப்பிக்கலாம். வழக்கேட்டில் சட்டப்படி உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பகுதியைத் தமிழில் பெறவும் உரிமை உண்டு. ஆகவே முதலியார், அதாவது நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், சொல்வது காதில் விழாவிட்டாலும் சரி, அன்று மொழிபெயர்ப்பாளரே இல்லாவிட்டாலும் சரி, "ஐயா, எனக்கு விளங்கவில்லை, தமிழில் சொல்லுங்கள்" என்று எழுந்து சொல்லுங்கள். அதற்காகத் தவணை தள்ளிப்போனாலும் பரவாயில்லை. விளங்காமல் முடிந்த வழக்கைத் திரும்பத் திறப்பது அதைவிட எவ்வளவோ கஷ்டம்.

வழக்கு இலக்கத்தை எப்போதும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். அது இருந்தால்தான் பதிவாளர் அலுவலகத்தில் உறுதிப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பிக்க முடியும், அடுத்த தவணையையும் கேட்டறிய முடியும். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். பல நீதிமன்ற வளாகங்களிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது.

சட்டங்கள் தமிழிலும் அச்சாகின்றன. அரசாங்க அச்சுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். ஆனால் உயர் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆகியவற்றின் தீர்ப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் அவற்றின் தளங்களில் இருக்கின்றன. நம்மைப் பற்றிய தீர்ப்பை நாமே வாசிக்க முடியாமல் இருப்பது எனக்குத் தீராத வருத்தம்.

வழக்குக்கு வெளியே, காணி, வீட்டுத்திட்டம், சேமலாப நிதி பற்றி அரச அலுவலகமொன்றில் தகவல் வேண்டுமென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுத முடியாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர் அதை எழுதிக்கொள்ள வேண்டும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

நான்காவது தவணைக்கு அந்தத் தாய் உள்ளே வந்து, பின் வாங்கில் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மகனுக்குத் தமிழில் சொல்லப்பட்டது அவருக்கும் கேட்டது. அன்றைய விசாரணை முடிந்து எல்லோரும் கலையும் நேரத்தில் முதலியாரிடம் நேராகப் போய், அடுத்த திகதியைத் தன் சம்பளச் சிட்டையின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.