தக்காளியின் பச்சைத் தோள்

"நாட்டுத் தக்காளி போட்டால் ரசம் மணக்கிறது, ஆப்பிள் தக்காளிக்கு அந்த மணம் வருவதில்லையே, ஏன்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். விடையில் ஒரு பாதி காம்படியில் இருக்கிறது. நாட்டுத் தக்காளியைச் செங்காயாக இருக்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள். பலவற்றில் காம்பைச் சுற்றி மட்டும் கரும்பச்சை அப்பியிருக்கும். அமெரிக்காவில் கொண்டாடப்படும் செரோக்கி பர்ப்பிள் என்ற பாரம்பரிய வகைக்குப் பழுத்த பிறகும் அந்தப் பச்சைத் தோள் முழுதாக மறையாது.

வியாபாரத்துக்கு இது பிடிக்கவில்லை. காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்து சீராகச் சிவந்தால்தான் பறிக்கும் பக்குவம் தெரியும், பெட்டியிலும் அழகு. அப்படிப்பட்ட செடிகளையே சுமார் 70 ஆண்டுகள் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். என்ன தொலைந்தது என்பது 2012-இல்தான் தெரிந்தது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் பவல் குழுவினர் அந்தப் பச்சைக்குக் காரணமான மரபணுவைப் பிடித்தார்கள். பெயர் ஜிஎல்கே2. காயில் பசுங்கணிகங்களை, அதாவது பச்சை நிறம் தந்து வெயிலில் சர்க்கரை சமைக்கும் நுண்ணிய உறுப்புகளைப் பெருக்குவது அதன் வேலை. காம்புப் பக்கம் அது மும்முரமாக வேலை செய்வதால்தான் அங்கே பச்சை அடர்த்தி. சீராகச் சிவக்கும் வகைகளில் அந்த மரபணுவுக்குள் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து கூடுதலாகப் புகுந்திருக்கிறது. அவ்வளவுதான், அந்த மரபணு உண்டாக்கும் புரதம் பாதியில் அறுந்துபோகிறது, காயில் பசுங்கணிகங்கள் குறைந்துவிடுகின்றன.

இலை அனுப்பும் சர்க்கரைதான் காய்க்குப் பெரும்பங்கு. ஆனால் காயும் தன் பங்குக்கு வெயிலில் கொஞ்சம் சமைத்துக்கொள்கிறது. பழுக்கும்போது அதே பசுங்கணிகங்கள் உருமாறி லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமியைச் சேர்த்துவைக்கின்றன. அந்த நிறமிகள் உடைந்துதான் தக்காளி மணத்தில் ஒரு பகுதி பிறக்கிறது! பச்சை சிவப்பாகி, சிவப்பு வாசனையாகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

பச்சை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. புளோரிடாவில் ஹாரி க்ளீ குழுவினர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சுவைக்கு முக்கியமான 13 மணப்பொருள்கள் நவீன வகைகளில் குறைந்திருந்தன. விவசாயிக்கு எடைக்குத்தான் காசு, மணத்துக்கு யார் கொடுக்கிறார்கள்? அதனால்தான் சுவை ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வர வேண்டும் என்கிறேன். விதை விற்பவர்கள் அதைத் தாமாகச் செய்ய மாட்டார்கள்.

சரி, வாசகிக்கு ஒன்று. தக்காளி 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் மணம் உண்டாக்கும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. வெளியே எடுத்துவைத்தாலும் முழுதாக மீள்வதில்லை. பழுத்த தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்காமல் கூடையிலேயே வைத்திருங்கள்.